லிங்க் போனாலும் ஹோல்ட் மியூசிக் நிற்காமல் இருக்க

தலைமை அலுவலகத்துக்கான நெட்வொர்க் லிங்க் போய்விட்டது. கிளையில் உள்ள ஐபி போன்கள் உள்ளூர் ரூட்டரில் பதிவாகிவிட்டன, பிஆர்ஐ லைனில் (தொலைபேசி நிறுவனத்தின் டிஜிட்டல் லைன்) வெளி அழைப்புகளும் வருகின்றன. ஆனால் ஹோல்டில் போட்டால் எதிர்முனையில் மௌனம், அல்லது விட்டுவிட்டு ஒரு ‘பீப்’. கட்டாகிவிட்டது என்று நினைத்து எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிடுவார். காரணம் எளிது: பாட்டு இருப்பது தலைமை அலுவலக சர்வரில். அது கிளை ரூட்டரிலேயே இருக்க வேண்டும். சிஸ்கோ எஸ்ஆர்எஸ்டி (லிங்க் போனால் கிளை ரூட்டரே போன்களை ஏற்று நடத்தும் வசதி) வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு.

முதலில் ஃபைல். 8 கிலோஹெர்ட்ஸ், 8 பிட், மோனோ, ஜி.711 (தொலைபேசி ஒலியைக் குறியாக்கும் முறை), ஏயு (.au) அல்லது வேவ் (.wav) வடிவம். எம்பி3-க்குப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் ஓடாது. விநாடிக்கு 8,000 பைட் என்பதால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 24 லட்சம் பைட் ஆகும். ரூட்டரின் ஃபிளாஷ் நினைவகத்தில் இடம் இருக்கிறதா பாருங்கள். தொலைபேசியில் ஆழமான பேஸும் கூர்மையான மேல்சுரங்களும் எப்படியும் அடிபடும். ஒற்றை வாத்தியம் போதும். (பாட்டுக்கு உரிமம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

ஃபைலை ஃபிளாஷுக்கு ஏற்றி, ரூட்டர் கன்ஃபிகரேஷனின் கால்-மேனேஜர்-ஃபால்பேக் (call-manager-fallback) பகுதியில் ‘மோ’ (moh, அதாவது மியூசிக் ஆன் ஹோல்ட்) கட்டளையோடு அதன் பெயரைக் கொடுங்கள். பிறகு பாட்டை மாற்றினால் ‘நோ மோ’ கொடுத்துவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பழையதே ஓடும்.

பிஆர்ஐ வழியே வருபவருக்கு இதுவே போதும். உள்ளுக்குள் ஒரு ஐபி போனிலிருந்து இன்னொன்றுக்குப் பேசும்போதும் பாட்டு கேட்க மல்டிகாஸ்ட் (ஒரே ஓடையைப் பல போன்களுக்கு ஒன்றாக அனுப்புவது) தேவை: ‘மல்டிகாஸ்ட் மோ 239.1.1.1 போர்ட் 16384’, கூடவே ‘ரூட்’ என்று போட்டு வாய்ஸ் விலேன் (போன்களுக்கான தனி நெட்வொர்க் பிரிவு) இன்டர்ஃபேஸின் ஐபி. சர்வரில் இருக்கும் அதே முகவரியையும் போர்ட்டையும் கொடுத்தால், லிங்க் நன்றாக இருக்கும் நாளிலும் பாட்டு ஃபிளாஷிலிருந்தே வரும், ஒவ்வொரு ஓடைக்கும் லிங்கில் 80 கேபிபிஎஸ் மிச்சம். அதற்கு சர்வரில் மல்டிகாஸ்டை மோ சர்வர், ஆடியோ சோர்ஸ், மீடியா ரிசோர்ஸ் குரூப் மூன்றிலும் இயக்க வேண்டும். ஹாப் எண்ணிக்கை (பாக்கெட் எத்தனை ரூட்டர் தூரம் போகலாம் என்பது) 1 என்றால் சர்வரின் பாக்கெட்டுகள் முதல் ரூட்டரைத் தாண்டாது. கோடெக் (ஒலியைக் குறியாக்கும் முறை) ஜி.711 ஆக இருக்கட்டும். ஜி.729 பேச்சுக்காகச் செய்தது, பாட்டைச் சிதைத்துவிடும்.

பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால் டயல்-பியரில் (ரூட்டரில் அழைப்புக்கான வழியைச் சொல்லும் அமைப்பு) விஏடி, அதாவது பேச்சில்லாத நேரத்தைக் கண்டுபிடித்து அனுப்பாமல் விடும் வசதி, இயங்குகிறதா பாருங்கள். மெல்லிய பகுதிகளை மௌனம் என்று நினைத்து வெட்டிவிடும். ‘நோ விஏடி’ கொடுங்கள்.

பலரைக் குழப்புவது இன்னொன்று: பாட்டு நன்றாக ஓடி, நான்கு நிமிடம் சொச்சத்தில் திடீரென நிற்கும். காரணம்: ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்த போர்ட்டுகளுக்கு மட்டும் ஓடையை அனுப்புவது) இருக்கிறது, அந்த விலேனில் குவேரியர் (யார் குழுவில் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்பது) இல்லை. போன் குழுவில் சேர்ந்த தகவல் வழக்கமான அமைப்பில் 260 விநாடியில் காலாவதியாகிவிடும். ஸ்விட்சிலேயே ஸ்னூப்பிங் குவேரியரை இயக்கினால் தீரும்.

சோதிக்க லிங்க் அறுந்துபோகும் வரை காத்திருக்க வேண்டாம். வேலை நேரம் முடிந்ததும் ரூட்டரில் சர்வர்களின் ஐபிக்குப் போகும் வழியை மட்டும் ஏசிஎல் (அணுகல் தடை விதி) போட்டு அடைத்துவிடுங்கள். 30 விநாடிக்கு ஒன்றாகப் போகும் கீப்அலைவ் (சர்வர் இருக்கிறதா என்று பார்க்கும் செய்தி) மூன்று தவறிய பிறகே போன்கள் ரூட்டருக்கு மாறும், அதுவரை பொறுங்கள். பிறகு வெளியிலிருந்து ஓர் அழைப்பையும் உள்ளுக்குள் ஓர் அழைப்பையும் ஹோல்டில் போட்டு, ஐந்து நிமிடம் தாண்டும்வரை ரிசீவரைக் கீழே வைக்காதீர்கள்.