இரண்டு பூல்களும் ஒப்புக்கொண்ட பிறகே

ஒரே வளாகத்தின் இரு முனைகளில் உள்ள இரண்டு கட்டடங்களில், ஒன்றில் எழுதப்படும் ஒவ்வொரு பிளாக்கும் (வட்டில் எழுதப்படும் தரவின் சிறு துண்டு) மற்றொன்றிலும் அதே நொடியில் இருக்கும்படி இரண்டு ஸ்டோரேஜ் பூல்களை, அதாவது தரவைச் சேமிக்கும் வட்டுத் தொகுப்புகளை, பராமரிப்பது சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. இதற்கு நாங்கள் பயன்படுத்துவது டிஆர்பிடி (DRBD). வியன்னாவில் உள்ள லின்பிட் நிறுவனத்தார் உருவாக்கிய இந்த மென்பொருள், 2010ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் 2.6.33 பதிப்பில் சேர்க்கப்பட்டது. இதில் ஏ, பி, சி என மூன்று முறைகள் உண்டு. சி முறையில், உள்ளூர் வட்டும் எதிர்முனை வட்டும் எழுதி முடித்துவிட்டதாக உறுதி சொன்ன பிறகுதான், எழுதச் சொன்ன டேட்டாபேஸுக்குப் பதில் போகும். சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இந்த உறுதிக்கு விலை நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 100 கிலோமீட்டர் தொலைவில் மறு பூல் இருந்தால், போய்த் திரும்புவதற்கே ஒவ்வொரு முறை எழுதும்போதும் 1 மில்லிநொடி கூடும். எந்தக் கருவியை வாங்கினாலும் அதைக் குறைக்க முடியாது. எங்கள் தொலைவு மிகக் குறைவு என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஒரு பக்கம் வேகமான எஸ்எஸ்டியும் மறுபக்கம் பழைய சுழல் வட்டுகளும் இருந்தபோது, முழு அமைப்பும் சுழல் வட்டின் வேகத்தில்தான் ஓடியது. இரண்டு பூல்களில் மெதுவானது எதுவோ, அதுவே இரண்டுக்கும் வேகம்.

இவையெல்லாம் இணைப்பு உயிரோடு இருக்கும்போது நடப்பவை. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. வேறு அமைப்பு எதையும் கொடுக்காவிட்டால், எதிர்முனை காணாமல் போனவுடன் டிஆர்பிடி தனியாகவே எழுதத் தொடங்கிவிடும். மாறிய பகுதிகளை மட்டும் 4 கிலோபைட்டுக்கு ஒரு பிட் என்ற கணக்கில் குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாலையில், வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டிய இயந்திரம் இரு கட்டடங்களுக்கும் இடையே இருந்த ஒரே கேபிளை அறுத்தது. முதல் சர்வர் தன் பணியைத் தொடர்ந்தது. இரண்டாவது சர்வர், முதலாவது இறந்துவிட்டதாக எண்ணித் தானும் முதன்மையாகிவிட்டது. ஏறக்குறைய 20 நிமிடங்கள், முன்வாசல் கட்டடத்தில் போடப்பட்ட ரசீதுகள் ஒரு பூலிலும், கணக்குப் பிரிவின் பதிவுகள் மற்றொரு பூலிலும் சேர்ந்தன. கேபிளை ஒட்டியபின் டிஆர்பிடி இரண்டையும் இணைக்க மறுத்து, ஸ்ப்ளிட் பிரெய்ன் (இரு பக்கமும் தனித்தனியே எழுதிப் பிரிந்துவிட்ட நிலை) என்று லாகில் எழுதி நின்றுவிட்டது. அது மறுத்தது நல்லதாயிற்று. தானாக ஒரு பக்கத்தைத் தேர்ந்திருந்தால் மறுபக்கத்தின் பதிவுகள் எங்களுக்குத் தெரியாமலே அழிந்திருக்கும்.

இந்த நிலையில் ஒரு பக்கத்தின் மாற்றங்களைக் கைவிட்டே ஆக வேண்டும். கைவிடப் போகும் பக்கத்தில், டிஆர்பிடிக்குக் கீழே இருந்த எல்விஎம் (லினக்ஸில் வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் வசதி) வால்யூமை முதலில் ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்தின் நிலையை அப்படியே காக்கும் நகல், எடுத்தேன். அதன் பிறகே ஒத்திசைவைத் தொடங்கினேன். அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து அந்த 20 நிமிடப் பதிவுகளை எடுத்து அச்சிட்டு, கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, நான் தட்டச்சு செய்து முடித்தபோது பொழுது விடிந்திருந்தது. ஸ்னாப்ஷாட் இல்லாதிருந்தால் வாசிப்பதற்கு எதுவும் இருந்திருக்காது.

ஸ்னாப்ஷாட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மறு ஒத்திசைவு, பதிவுகள் எழுதப்பட்ட வரிசையில் நடப்பதில்லை. வட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகரும். ஆகவே அது முடியும் வரை பெறும் பூலில் இருப்பது பழைய நிலையும் அன்று, புதிய நிலையும் அன்று. பாதியில் அனுப்பும் பூல் செயலிழந்தால் இரண்டும் போய்விடும். ஒவ்வொரு ஒத்திசைவுக்கு முன்பும் பெறும் பக்கத்தில் ஸ்னாப்ஷாட்டைத் தானாக எடுக்கும் ஸ்கிரிப்ட் டிஆர்பிடியுடனே வருகிறது. அதை இயக்கி வைக்காமல் இருப்பதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

பிறகு கோரம், அதாவது பெரும்பான்மை இருந்தால் மட்டுமே எழுதவிடும் ஏற்பாடு, அமைத்தோம். வட்டில்லாத மூன்றாவது கணினி ஒன்று சாட்சியாக இருக்கும்; மூன்றில் இரண்டைக் காண முடியாத பக்கம் எழுதுவதை நிறுத்திக் காத்திருக்கும். சாட்சியை எங்கே வைப்பது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. முதல் கட்டடத்திலேயே வைத்தால், அக்கட்டடம் தீப்பற்றும் நாளில் இரண்டாவது பூல் முழுத் தரவையும் கையில் வைத்துக்கொண்டு, பெரும்பான்மை இல்லாமல் நின்றுவிடும். எனவே மூன்றாவது கட்டடத்தில், அந்தப் பள்ளத்தின் வழியே போகாத கேபிளில் வைத்தோம்.

தவறாக அழித்த கோப்பு மறு பூலிலும் அந்தக் கணமே அழியும் என்பதால், தனியான பேக்கப் எப்போதும் போல் ஓடுகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு இரவில் இரு பூல்களையும் பிளாக் பிளாக்காக ஒப்பிடும் வெரிஃபை ஓடுகிறது. அது வேறுபாட்டைக் குறிக்குமே தவிர, சரிசெய்யாது. இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால்தான் குறிக்கப்பட்ட பிளாக்குகள் ஒத்திசையும். சென்ற முறை சில பிளாக்குகள் வேறுபட்டிருந்தன. தேடிப் பார்த்ததில் அவை ஒரு மெய்நிகர் கணினியின் ஸ்வாப் பகுதியில் (நினைவகம் போதாதபோது அதன் பக்கங்களை வைக்கும் வட்டுப் பகுதி) இருந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போதே நினைவகப் பக்கம் மாறிவிடுவதால் ஸ்வாப்பில் இப்படி நேர்வது தெரிந்த விஷயம். அந்த ஸ்வாப்பை, நகலெடுக்கத் தேவையில்லாத உள்ளூர் வட்டுக்கு மாற்றிவிட்டு, அடுத்த ஞாயிறு இரவின் முடிவுக்காகக் காத்திருக்கிறேன்.