உப்புநீர்த் தொட்டி கலங்கினால்: ஒரு டம்ளர் சோதனை

நேற்று இரவு பளிங்காக இருந்த தொட்டி காலையில் பால் ஊற்றியதுபோல் நிற்கிறது. பெரும்பாலும் கை முதலில் போவது நீரைத் தெளியவைக்கும் திரவப் புட்டிக்கு. அதை அலமாரியிலேயே விட்டுவிட்டு, நிறமில்லாத கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, கறுப்பு அட்டைக்கு முன்னால் வையுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் மட்டும் டம்ளர் அப்புறம், காற்று முதலில்.

டம்ளர் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே போனால் அது வெறும் காற்றுக்குமிழி. இரண்டு நிமிடம்கூட ஆகாது. சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் துணைத்தொட்டி) நீர்மட்டம் இறங்கி, நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது நுரையால் அழுக்கைப் பிரிக்கும் புது ஸ்கிம்மர் இன்னும் பழகவில்லை. மட்டத்தை ஏற்றுங்கள், ஸ்கிம்மரிலிருந்து நீர் வெளியேறும் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் வையுங்கள், விஷயம் முடிந்தது.

மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் வெள்ளைப் பொடி தங்கினால் மணல் தூசியோ, கரைந்திருந்தது பொடியாகப் பிரிந்து நீரிலேயே உறைந்த கால்சியம் கார்பனேட்டோ. ஒரு மணி நேரம் கழித்தும் ஒரே மாதிரி மங்கலாக நின்றால் பாக்டீரியா. பச்சைச் சாயல் அடித்தால் மிதக்கும் பாசி. அதற்கு யூவி விளக்கைப் போட்டு, லைட் நேரத்தைக் குறைத்தால் போதும்.

அடியில் தங்கிய பொடியில் சில சொட்டு வெள்ளை வினிகர் விடுங்கள். கரையாமல் கிடந்தால் சிலிக்கா மணல். கரைந்தால் கார்பனேட். ஆனால் அரகோனைட் மணலின் (அதுவும் கால்சியம் கார்பனேட்தான்) தூசியும் வினிகரில் கரையும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. மணல் புதிதாகப் போட்டிருந்தால் அதுதான் காரணம். ஃபில்டர் ஃப்ளாஸ் (வடிகட்டும் பஞ்சு) வைத்துவிட்டு ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். மணலைத் தொடவே இல்லை, ஹீட்டர்மேல் விரல் வைத்தால் உப்புத்தாள்போலச் சொரசொரக்கிறது, அல்கலினிட்டி (நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) ஒரே நாளில் சரிந்திருக்கிறது என்றால் உறைவுதான்.

இந்த உறைவு பெரும்பாலும் நம் கைவேலை. அல்கலினிட்டியை ஒரே மூச்சில் ஏற்றுவது, கால்சியம் திரவத்தையும் அல்கலினிட்டி திரவத்தையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றுவது, சுண்ணாம்பு நீரை வேகமாக விடுவது, மெக்னீசியத்தை 1200 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு மில்லிகிராம்) கீழே போகவிடுவது. நூறு லிட்டரில் 1 டிகேஎச் (அல்கலினிட்டியை அளக்கும் அலகு) ஏற்றுவதற்கு வேண்டிய சமையல் சோடா வெறும் 3 கிராம். ஸ்பூனில் குத்துமதிப்பாக அள்ளினால் 5, 6 கிராம் போய்விடும். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். தனியாகக் கரைத்து, நீரோட்டம் பலமான இடத்தில் மெதுவாக விடுங்கள்.

உறைந்துவிட்ட பிறகு பலர் செய்யும் தப்பு, சரிந்த அல்கலினிட்டியைப் பார்த்துப் பதறி இன்னும் சோடா போடுவது. அது இன்னும் உறைவதற்குத் தீனி. எல்லா டோசிங்கையும் நிறுத்துங்கள். மறுநாள் அளந்து, மெக்னீசியத்தை 1250–1350க்குக் கொண்டுவந்த பிறகு அல்கலினிட்டியை 8–9 டிகேஎச்சுக்கு மெல்ல ஏற்றுங்கள். பம்ப், ஹீட்டர் மேல் படிந்ததை வெளியே எடுத்து வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவலாம்.

உப்பு கரைக்கிற வாளியிலேயே இது நடப்பதும் உண்டு. உப்பைப் போட்டு அதன்மேல் நீரை ஊற்றினால் அடியில் செறிவு எகிறி, வெள்ளையாக உறைந்து, பிறகு எவ்வளவு சுற்றினாலும் கரையாது. முதலில் ஆர்ஓ டிஐ நீர் (கரைந்த தாதுக்களையும் நீக்கி வடிகட்டியது), அதில் பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடட்டும், பிறகு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக. 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.025–1.026 காட்டி, வாளியின் அடி தெளிவாகத் தெரிந்தால்தான் அது தொட்டிக்கு.

இனி பாக்டீரியா. மீனுக்கு உண்மையிலேயே ஆபத்தானது இந்தக் கலங்கல்தான், அதுவும் பாக்டீரியா மீனைத் தாக்குவதால் அல்ல. அவை மீனின் மூச்சைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். கடல்நீருக்கு அந்தக் கணக்கு 6.7தான். ஏற்கெனவே கையிருப்பு குறைவு. இரவில் லைட் அணைந்ததும் பாசியும் பவளமும்கூட ஆக்சிஜன் எடுக்க ஆரம்பிக்கும். அதனால்தான் மாலையில் லேசாக மங்கிய தொட்டியில் விடியற்காலையில் மீன் செத்துக் கிடக்கிறது.

ஆகவே ரிட்டர்ன் குழாயின் முனையை மேலே திருப்பி நீர்ப்பரப்பு குலுங்கும்படி செய்யுங்கள். ஏர் ஸ்டோன் ஒன்றைப் போடுங்கள். மூடி இருந்தால் திறங்கள். ஸ்கிம்மர் நுரைத்து வழிந்தால் அதை நிறுத்த வேண்டாம். கோப்பையை மட்டும் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள், காற்று கலந்துகொண்டே இருக்கும். யூவி இருந்தால் ஓடட்டும், மிதக்கும் பாக்டீரியாவை அது குறைக்கும். ஃபில்டரில் வைக்கும் கார்பன் (செயலூட்டிய கரி) இந்தக் கலங்கலைப் போக்காது. நத்தையோ சிப்பியோ முட்டையும் விந்தும் விட்டு நீர் திடீரென மங்கினால், அல்லது கடல் வெள்ளரி செத்து நஞ்சு கலந்தால், அப்போது நூறு லிட்டருக்கு 50 கிராம் அளவில் புதுக் கார்பன் போடலாம், கூடவே நீரும் மாற்ற வேண்டும். தெளிவிப்பான் திரவத்தை மீன் மூச்சுக்குத் தவிக்கும் நேரத்தில் ஊற்றவே கூடாது என்பது என் கட்சி. துகள்களைத் திரட்டுவதுதான் அதன் வேலை. பாக்டீரியாவுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதை அது தொடுவதேயில்லை.

அந்தத் தீனியைத் தேடுங்கள். மீன்களை எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் கற்களுக்குப் பின்னால், நீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் பாருங்கள். உறைந்த இறால் தீனியை உருக்கிய சாற்றோடு ஊற்றுகிறவர்கள் வலையில் கழுவிப் போடத் தொடங்க வேண்டும். நைட்ரேட் குறைக்க வோட்கா, வினிகர் டோஸ் செய்தால், அதுவும் பாக்டீரியாவுக்குத் தீனிதான், கலங்கிய அன்றே நிறுத்தி, தெளிந்த பிறகு பாதி அளவில் ஆரம்பியுங்கள். இரண்டு நாள் தீனி போடாவிட்டால் நன்றாகத் தின்று வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது.

அமோனியாவை உடனே அளக்க வேண்டும். பிஎச் 8.2இல் நஞ்சாக இருக்கும் அமோனியாவின் பங்கு, பிஎச் 7இல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். 0.5 பிபிஎம் தாண்டினால் அதே உப்பளவு, அதே வெப்பநிலையில் 30 சதவீத நீரை மாற்றுங்கள். நைட்ரைட்டைப் பார்த்து நன்னீர்க்காரர்கள்போல அலற வேண்டியதில்லை. கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் அது செவுள் வழியாக ஏறுவது குறைவு.

மூச்சு வாங்குவது ஆக்சிஜன் குறைவாலா, நோயாலா? ஆக்சிஜன் குறைந்தால் எல்லா மீனும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மேலே வரும். காற்று கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். வெல்வெட் எனப்படும் அமிலூடினியம் ஒட்டுண்ணி என்றால் ஒன்றிரண்டு மீன் மட்டும் பவர்ஹெட்டின் ஓட்டத்துக்குள் போய் நிற்கும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் உடலில் மெல்லிய தூள் மினுங்கும். ரவைபோல எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் என்றால் கிரிப்டோகாரியான் என்ற இன்னொரு ஒட்டுண்ணி. கோமாளி மீனின் தோலில் கெட்டியான கோழை உரிந்தால் புரூக்லினெல்லா. அதற்குத் தாமிரம் பலிக்காது.

முதல் இரண்டுக்கும் தாமிரம் வேலை செய்யும், ஆனால் தனித் தொட்டியில் மட்டும். இறால், நத்தை, பவளம் எதுவும் தாமிரத்தைத் தாங்காது. கல்லும் மணலும் அதை உறிஞ்சிவிடும். கீலேட் வகைத் தாமிரம் (வேறொரு சேர்மம் பிடித்துவைத்திருக்கும் தாமிரம்) என்றால் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக 2.0–2.5 பிபிஎம்முக்கு ஏற்றி, தினமும் அளந்து 30 நாள் வையுங்கள். மீன்களை எடுத்துவிட்ட பெரிய தொட்டியை கிரிப்டோகாரியானுக்கு 76 நாள் மீனில்லாமல் விடுவது வழக்கம்.

மருந்து போடும் அந்தத் தனித் தொட்டியில் லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்) இல்லாததால் அதுவும் சீக்கிரமே கலங்கும், அமோனியாவும் ஏறும். அங்கே அமோனியா கட்டும் மருந்தைத் தாமிரத்தோடு சேர்க்காதீர்கள். சில தாமிர மருந்துகள் அதோடு சேர்ந்தால் மீனுக்கு இன்னும் கடும் நஞ்சாகிவிடும். கார்பனும் வேண்டாம், தாமிரத்தை இழுத்துவிடும். மிச்சத் தீனியைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, மாற்றும் நீரில் அதே அளவு தாமிரத்தை முன்கூட்டியே கலந்துவைத்து ஊற்றுங்கள்.