லாகின் புடவை

ஆரணிப் பக்கம் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். இணையதளம் கட்டுவதற்கான மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட் எம்விசியில். முதலாளிக்கு எல்லாம் பிடித்திருந்தது, பிரௌசரில் மேலே தெரியும் முகவரியைத் தவிர.

"ப்ராடக்ட்ஸ், டீட்டெய்ல்ஸ், 47-ன்னு வருதே தம்பி, கைதி நம்பர் மாதிரி. பட்டு, அப்புறம் புடவை பேரு, அவ்வளவுதான் வரணும்" என்றார்.

நியாயம்தான். நாம் கை வைக்காதவரை எம்விசி எந்த முகவரியையும் கன்ட்ரோலர், ஆக்‌ஷன், ஐடி என்றுதான் பிரித்துப் படிக்கும்: தளத்தின் எந்தப் பகுதி, அதில் என்ன வேலை, எந்தப் பொருள். எந்த முகவரி எங்கே போக வேண்டும் என்ற விதிகள், அதாவது ரூட்கள், இருக்கும் ரூட்கான்ஃபிக் கோப்பைத் திறந்து, ஏற்கெனவே இருந்த அந்த டீஃபால்ட் ரூட்டுக்கு மேலே 'வகை/பெயர்' என்று ஒரு மேப்ரூட் வரி எழுதினேன். முகப்பு வந்தது. பட்டு/அரக்கு-பார்டர் ஜோராக வந்தது. சர்வரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பாதி டீயில் போன்.

"தம்பி, லாகின்னு நாம புடவையே விக்கலையே?"

"என்னண்ணா?"

"'லாகின் என்ற புடவை தற்போது இருப்பில் இல்லை'ன்னு வருது. செக்கவுட்டும் இருப்பில் இல்லையாம். கட்டம் போட்டது அலமாரி நிறைய அடுக்கி வெச்சிருக்கேன், எப்படி இல்லாம போகும்?"

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

எம்விசி ரூட் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, பொருந்துகிற முதல் வரியிலேயே ஏறி உட்கார்ந்துவிடும். இதைவிடப் பொருத்தமானது பின்னால் வருகிறதா என்று பார்க்காது. போர்டு படிக்காமல் வந்த பஸ்ஸில் ஏறும் எங்கள் பெரியப்பா மாதிரி. லாகின் பக்கத்தின் முகவரியான அக்கவுன்ட்/லாகின் என்பது இரண்டு துண்டு. என் வரி கேட்டதும் இரண்டு துண்டு. ஆக, அக்கவுன்ட் ஒரு புடவை வகை, லாகின் அதில் ஒரு ரகம். என் பிரௌசரில் நான் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்ததால் அந்தப் பக்கத்தை எட்டியே பார்க்கவில்லை.

பதற்றத்தில் புது வரியை டீஃபால்ட்டுக்குக் கீழே இறக்கினேன். லாகின் வந்தது, புடவைகள் போய்விட்டன. டீஃபால்ட்டில் ஐடி கட்டாயமில்லை, அதற்கும் இரண்டு துண்டு போதும். பட்டு என்று ஒரு கன்ட்ரோலரைத் தேடிப் பார்த்துவிட்டு 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று கையை விரித்தது. அதாவது புடவைக் கடையில் லாகின் மட்டும் இருப்பில்.

கடைசியில் 'புடவை/வகை/பெயர்' என்று முன்னால் மாறாத ஒரு சொல்லை வைத்து, மறுபடி மேலே ஏற்றினேன். புடவை என்று தொடங்காத எதையும் இனி அது சீண்டாது. முகவரி கொஞ்சம் நீண்டுவிட்டதில் முதலாளிக்கு லேசான வருத்தம்.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து ஒரு அம்மா போன் பண்ணி லாகின் புடவை எப்போ வரும்னு கேட்டாங்க."

"அய்யோ, என்னண்ணா சொன்னீங்க?"

"அடுத்த வாரம்னு சொல்லிட்டேன். புதுசா வந்த பச்சைக்கு அந்தப் பேரையே போட்டுடு."