சாம்பலுக்கு எவ்வளவு மதிப்பு?

ஆற்றில் எவ்வளவு நீர் விட்டால் மீனுக்கும் இறாலுக்கும் எவ்வளவு வாழிடம் கிடைக்கும் என்று பார்ப்பதுதான் மீன் வாழிடக் கணக்கு. கொசஸ்தலை ஆற்றின் கடைப்பகுதிக்கு அதைப் போட உட்கார்ந்தால், அடித்தளப் பட்டியலிலேயே கை நின்றுவிடும். சேறு, வண்டல், மணல், சரளை, கூழாங்கல், பாறை என்று எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு. சாம்பலுக்கு இல்லை. எண்ணூர்க் கழிமுகத்திலோ பல இடங்களில் கழியை இறக்கினால் முதலில் தட்டுவது அனல் மின் நிலையச் சாம்பல்தான்.

"சாம்பல எதுல சேக்கட்டும் சார்? வண்டல்னு போட்டுடவா?" என்று உடன் வேலை செய்த இளைஞர் கேட்டார். சல்லடைக் கணக்குப்படி அவர் கேட்டது நியாயம். பறக்கும் சாம்பலின் துகளும் வண்டலின் துகளும் ஏறக்குறைய ஒரே அளவு. "வண்டல் வேணாம், தனிக் குறியீடு கொடுங்க. இறாலுக்கு 0.2 போடுங்க" என்று பதில் சொல்லப்பட்டது. சொன்னது நான்தான். அந்த 0.2 இன்னும் மனத்தைவிட்டு இறங்கவில்லை.

ஆற்றை நீளவாக்கில் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குறுக்கே கயிறு கட்டி, குறைந்தது இருபது இடங்களிலாவது ஆழம், வேகம், அடித்தளம் மூன்றையும் குறிக்க வேண்டும். ஆழம் முக்கால் மீட்டருக்குள் இருந்தால் மேற்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒரு வேக அளவு போதும். அதைத் தாண்டினால் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் எடுத்துச் சராசரி போடுவது வழக்கம். வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே இந்த வழக்கம் ஏமாற்றும். கடல் ஓதம் ஏறும்போது அடியில் உப்புநீர் மேல்நோக்கியும், அதன் மேலே ஆற்றுநீர் கடல்நோக்கியும் போகும் நேரங்கள் உண்டு. சராசரி எடுத்தால் நீர் அசையாமல் நிற்பதாகக் கணக்கு சொல்லும். அதனால் முழு ஓதச் சுற்றுக்கும், அதாவது சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கும், மேல்மட்டத்தையும் அடிமட்டத்தையும் தனித்தனியாக அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். உப்பளவையும் கரைந்த ஆக்சிஜனையும் அப்படியே எடுக்க வேண்டும். ஆக்சிஜனை விடியுமுன் எடுக்காவிட்டால் அந்த நாளின் மிக மோசமான நேரம் பதிவாகாமலே போய்விடும்.

அளந்தபின், அளந்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு கட்டமாக வைத்து, அதன் ஆழம், வேகம், அடித்தளம் மூன்றுக்கும் உகப்பு மதிப்பு போடுவோம். பூஜ்யம் என்றால் அந்த உயிருக்கு ஆகாத இடம், 1 என்றால் மிகத் தோதான இடம். இங்கே இலக்கு உயிர் வெள்ளை இறால். அது கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, சேற்றடியில் சில மாதம் வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். அதற்கு ஆழமும் வேகமும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அடித்தளம்.

இந்தச் சேற்றை நன்றாக அறிந்தவர்கள் கையால் இறால் பிடிப்பவர்கள். பறி என்ற கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடியைத் துழாவும் இருளர்களின் முறை அது. "சேறுன்னா கை முட்டி வரைக்கும் போவும் சார், எறா கைல தட்டும். இங்க மேல மாவாட்டம் கீது, கீழ கெட்டியா கீது. எறா எங்க ஒளியும்?" என்றார் ஒரு பெரியவர். 0.2 வந்த வழி இதுதான். அளந்த தரவு இல்லாதபோது அறிந்தவர் கருத்தை வைத்து வளைகோடு வரையலாம் என்று இந்த முறையே இடம் கொடுக்கிறது. அறிந்தவர் என்று சொல்ல அந்தப் பெரியவரைவிடத் தகுதியானவர் அந்த ஆற்றில் இல்லை. ஆனால் அவர் "கஷ்டம்" என்றார். 0.2 என்று அவர் சொல்லவில்லை.

அந்த எண் கணக்கில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 100 சதுர மீட்டர் உள்ள ஒரு கட்டம். ஆழத்துக்கு 0.9, வேகத்துக்கு 0.8. சாம்பலை வண்டல் என்று எழுதி 1 கொடுத்தால் பெருக்குத்தொகை 0.72, அதாவது 72 சதுர மீட்டர் வாழிடம். 0.2 கொடுத்தால் 14.4. பூஜ்யம் கொடுத்தால் ஒன்றுமில்லை. பெருக்குவதற்குப் பதில் மூன்றின் பெருக்குச் சராசரி, அதாவது பெருக்குத்தொகையின் கனமூலம், எடுத்தால் அதே 0.2 சுமார் 52 சதுர மீட்டராக எழுந்து நிற்கும். மிகக் குறைந்த மதிப்பையே எடுப்பது என்று வைத்தால் 20. சேற்றைத் தொட்டுப் பார்க்காதவர்கூட, சூத்திரத்தை மட்டும் மாற்றி ஆற்றை நல்லதாகவோ கெட்டதாகவோ காட்டிவிடலாம்.

1 என்று எழுதியிருந்தால் இப்போதைய நிலையே இறாலுக்குப் போதும் என்று ஆகிவிடும். கூடுதல் நீர் கேட்கக் காரணமே இருக்காது. பூஜ்யம் என்று எழுதினால் எவ்வளவு நீர் விட்டாலும், ஓட்டத்துக்கு ஏற்ப வாழிடம் எவ்வளவு என்று காட்டும் வளைகோடு எழும்பாமல் தரையிலேயே படுத்திருக்கும். நீர் திறப்பைத் தீர்மானிக்கும் மேசையில் இதைக் காட்டும்போது ஒரு பொறியாளர் கேட்டார்: "அப்போ தண்ணி விட்டும் பிரயோஜனம் இல்லைங்கிறீங்க?" கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குடிநீருக்கு ஏங்கும் நகரத்தின் ஏரியைக் கையில் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. இதே ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டிய பூண்டி ஏரியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதில் ஒவ்வொரு துளியையும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அதனால் 0.2 நேர்மையான நடுநிலையா, அல்லது நமக்கு வேண்டிய முடிவை வரவழைக்கும் எண்ணா? இரண்டு பதிலும் மாறி மாறிச் சரியாகப் படுகிறது. சாம்பலில் இறால் அறவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே பூஜ்யம் பொய். சேற்றுக்குச் சமம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஆகவே 1 பொய். இடையில் எங்கு நிறுத்தினாலும் அது கருத்துதான். ஆனால் 0.2 போடும்போது அந்தப் பொறியாளரின் கேள்வி எப்படி வரும் என்பது முன்பே தெரியும். தெரிந்தே போட்ட எண் என்பதுதான் உறுத்துகிறது.

எண்ணே கொடுக்காமல் விடலாமே என்பார்கள். விட்டால் அந்தக் கட்டத்தை வேறு எளிய விதி நிரப்பும். அமெரிக்காவின் மொன்டானாவில் பழகிய டென்னன்ட் 1976இல் கொடுத்த சதவீதக் கணக்கு கைக்கு எளிது: ஆண்டுச் சராசரி ஓட்டத்தில் 10 சதவீதம் உயிர் தாங்க, 30 சதவீதம் ஓரளவு நலமாக, 60 சதவீதம் மிகச் சிறப்பாக. ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகளைப் பார்த்து வந்த கணக்கு அது. வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்கள் பெருகி, பிறகு தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளுக்குக் கீழே ஓட்டமே அற்றுப்போகும் ஆற்றுக்கு ஆண்டுச் சராசரி என்பது எந்த நாளிலும் ஓடாத ஓட்டம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. இந்தக் கணக்கு ஆற்றின் அடி மாறாது என்று வைத்துக்கொண்டு ஓடுகிறது. சாம்பலோ மெதுவாக ஓடும் ஓரங்களில்தான் படிகிறது. அதை அசைக்கக் கூடியது கார்த்திகை வெள்ளம். கோடையில் விடும் சிறு ஓட்டம் அல்ல. இறுகிப்போன படிவை வெள்ளமும் முழுதாக அள்ளாது. அப்படியென்றால் நாம் கேட்க வேண்டியது ஆண்டு முழுதும் ஒரு சிறு ஓட்டமா, பருவத்தில் அடியைக் கழுவி முகத்துவாரத்தைத் திறந்துவைக்கும் பெரிய ஓட்டமா? வல்லூருக்கு மேலே குட்டைகளில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் விராலுக்கும் கெளுத்திக்கும் முன்னது வேண்டும். கீழே இறாலுக்குப் பின்னது. சாம்பலை இயந்திரத்தால் தூர்வாரினால் அடி சரியாகலாம். ஆனால் ஆழம் இடுப்பைத் தாண்டிவிட்டால் பறியோடு இறங்குபவர்களுக்கு அந்த இடம் போய்விடும். இறாலுக்கு 1, பிடிப்பவருக்கு பூஜ்யம். அந்தப் பட்டியலில் மனிதருக்குப் பத்தி இல்லை.

0.2ஐ அளந்த எண்ணாக மாற்ற வழி உண்டு. ஒரே ஓத நிலையில், ஒரே ஆழத்தில், சாம்பலிலும் சேற்றிலும் சம எண்ணிக்கையில் ஒரு சதுர மீட்டர் கட்டங்கள் போட்டு, ஒரே ஆள் ஒரே நேர அளவு துழாவி எண்ண வேண்டும். குஞ்சு உள்ளே வந்த மாதத்தில் ஒருமுறை, வெள்ளம் போனபின் ஒருமுறை. காக்கா ஆழி என்ற சிப்பி வகை மூடிய கட்டங்களைத் தனியாக எண்ண வேண்டும். அது சேற்றையும் சாம்பலையும் ஒன்றுபோல் போர்த்திவிடுவதால், அங்கே இறால் குறைந்தால் காரணம் சாம்பலா ஆழியா என்று பிரிக்க முடியாது.

அது நடக்கும்வரை பூஜ்யம், 0.2, 1 மூன்றுக்கும் மூன்று வளைகோடு வரைந்து ஒரே தாளில் கொடுக்க வேண்டும் என்று வாதாடினேன். அப்படியே கொடுக்கவும் பட்டது. ஆனால் மூன்று கோடு பார்ப்பவர்கள் நடுக்கோட்டைத்தான் விடையாக எடுத்துக்கொள்கிறார்கள். நடுக்கோடு 0.2.