காந்தத் தூண்டல் சிகிச்சைக்குப் போகுமுன் அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுங்கள்

கீழ்முதுகு வலிக்குக் காந்தத் தூண்டல், அதாவது காந்தப்புலத்தால் நரம்பைத் தூண்டும் சிகிச்சை, எழுதிக் கொடுத்தார் டாக்டர். நேரம் வாங்கப் போன் செய்தபோது வயது, வலி இருக்கும் இடம் எல்லாம் கேட்டார்கள். உடம்பில் உலோகம் உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. நேரில் போன பிறகுதான் படிவத்தில் அந்தக் கேள்வி வந்தது. எலும்பு முறிந்தபோது வைத்த தகடும் திருகுகளும் கணுக்காலில் இருக்கின்றன என்று எழுதியதும், வரவேற்பில் இருந்தவர் படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். "ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் முடியாதுங்க." அன்று அலைந்தது வீண்.

அறுவை சிகிச்சை செய்த இடத்தில் பதிவறைக்காரர் "பழைய ஃபைலா?" என்று கேட்ட தொனியிலேயே பாதி நம்பிக்கை போய்விட்டது. விடாமல் நச்சரித்து நகல் வாங்கினேன். அதைப் பார்த்த டாக்டர் அரை நிமிடத்தில் சொன்னார்: தகடு கணுக்காலில், காயில் (காந்தப்புலத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள்) வைப்பது முதுகில், தூரம் போதும். இதைச் சொல்லவா இத்தனை பாடு! ஆனால் பேஸ்மேக்கரோ காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய காக்ளியர் கருவியோ இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை ஆகாது. கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை அறையில் சட்டையைக் கழற்றத் தேவையில்லை. வாட்ச், போன், காந்தப் பட்டை உள்ள வங்கி அட்டை எல்லாம் வெளியே. காயில் 'டக், டக்' என்று அடிக்க, நான் அசைக்காமலேயே முதுகுத் தசை துள்ளியது. அளவை ஒரேயடியாக ஏற்றிவிட்டு பிசியோதெரபிஸ்ட் நகரப் பார்த்தார். தசை இழுத்துப் பிடித்துக்கொண்டது. கூப்பிட்டுக் குறைக்கச் சொன்னேன். காயிலை ஒரு விரல் அளவு நகர்த்தியதும் சரியாகிவிட்டது. நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்.

காந்த வளையல் போட்டாலும் இதே பலன் என்று பக்கத்தில் காத்திருந்த ஒருவர் அளந்தார். வளையலில் இருப்பது மாறாத காந்தப்புலம்; அது அசையாத தசையில் மின்னோட்டத்தை உண்டாக்காது. விஞ்ஞானி ஃபாரடே 1831லேயே காட்டிய விஷயம். இந்தக் கருவியில் புலம் கண நேரத்தில் ஏறி இறங்குவதால்தான் நரம்பு தூண்டப்படுகிறது.

இப்போது குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது. நிவாரணம் எத்தனை நாள் நிற்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. உடற்பயிற்சித் தாள் ஒன்றைக் கையில் திணித்தார். அதையும் செய்துகொண்டிருக்கிறேன், முணுமுணுத்தபடி.