இந்த வயசுல கழுத்து ஆபரேஷனா?

மதுரையில் கழுத்து அறுவை முடிந்து காரைக்குடிப் பக்கம் திரும்பும் பெரியவர்கள் பலர் பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிறார்கள். எண்பதைத் தாண்டியவர் என்றால் பங்காளி முதல் சிங்கப்பூர் மகன் வரை கேட்பது ஒன்றுதான்: "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?"

நான் பார்த்தவரை, வயதை விட முக்கியம் அறுவைக்கு முன் ஆள் எப்படி இருந்தார், கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் எத்தனை காலம் அமுங்கிக் கிடந்தது என்பதுதான். தானாக நடந்து, ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த 84 வயதுக்காரர், மெலிந்து படுத்தே கிடந்த 70 வயதுக்காரரை முந்திக்கொண்டு எழுந்துவிடுவார்.

கெடுதல் என்னவென்றால், இந்தத் தேய்மானத்தில் கழுத்து வலிக்கவே வேண்டியதில்லை. வெற்றிலைக் காம்பு கிள்ள வராது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்புவார்கள். நடை தள்ளாடும். எல்லாவற்றுக்கும் "வயசாச்சு" என்றே பதில். பத்து விநாடிக்குள் விரல்களை முழுக்க மடக்கி விரிக்கச் சொல்லிப் பார்ப்போம். 20 தடவையாவது வரவேண்டும். தேவகோட்டை ஆச்சி ஒருவருக்கு 9தான் வந்தது. "மூடிர்றேன் தம்பி, தொறக்கத்தான் வரமாட்டேங்குது" என்றார். ஓராண்டாகவே அப்படித்தானாம்.

அவருக்குச் செய்தது லேமினோபிளாஸ்டி. பின்பக்க எலும்பை ஒருபக்கக் கதவு போலத் திறந்து நிறுத்தி, தண்டுவடத்துக்கு இடம் கொடுப்பார்கள். 1970களில் ஜப்பானிய மருத்துவர்கள் உருவாக்கிய முறை. அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் இரண்டாம் நாள் இரவு, ரங்கூனிலிருந்து ஐயா வந்து வாசலில் நிற்கிறார், கதவைத் திறங்கள் என்று ஒரே சத்தமாம். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று வீடே பயந்துவிட்டது. பெரிய அறுவைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் சகஜம். மருந்தோ கிருமித்தொற்றோ காரணமா என்று டாக்டர் பார்ப்பார். கண்ணாடியும் காதுமெஷினும் பகல் வெளிச்சமும் தெரிந்த முகமும் இருந்தால் பெரும்பாலும் சில நாளில் தெளியும். ஆச்சிக்கும் தெளிந்தது. முன்பக்கமாகச் செய்யும் அறுவையில் எனக்குப் பயம் விழுங்குவதில்தான். கஞ்சி புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுவிடும்.

இந்த அறுவையின் முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் நிறுத்துவது. மீள்வது அதற்கு மேல் கிடைக்கும் லாபம். நாள்பட்டிருந்தால் லாபம் குறையும். ஆறு மாதத்தில் ஆச்சியின் 9, 14 ஆனது. விரல் மதமதப்பு போகவில்லை. மகனுக்கு அதில் ஏமாற்றம். ஆச்சியோ, ராத்திரி யாரையும் எழுப்பாமல் வாக்கரைப் பிடித்து பாத்ரூம் போய்வருவதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாத்ரூம் இருப்பதோ வீட்டின் பின்கோடியில், கடைசிக் கட்டுக்குள். வழியில் மூன்று உயரமான நிலைப்படிகள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். கழுத்து பின்னால் மடங்கும்படி விழுந்தால் எலும்பு முறியாமலேயே தண்டுவடம் அடிபடும். அதனால் பயிற்சிக்கு முன் நான் வீட்டைத்தான் பார்ப்பேன். சுவரில் கைப்பிடி பொருத்தச் சொன்னதும் மகன் தயங்கினார், பூட்டன் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சாம். ஆச்சி போட்ட சத்தத்தில் இரண்டு கைப்பிடி வந்துவிட்டது. மூன்றாவது நிலைப்படிக்குச் சரிவுப் பலகை செய்ய ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆள் இன்னும் வந்தபாடில்லை.