ஆமாங்க மிஸ்ஸி

இந்த மாதம் எங்கள் வார்டுக்குத் தாதியர் பயிற்சிக்காக நான்கு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மருந்து ட்ரொலியைத் தொட்டாலே அவளுக்குக் கை நடுங்குகிறது. "மருந்தியல் மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேங்குது அக்கா" என்றாள். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நான் மாணவியாக இருந்தபோது, வேறொரு ஆஸ்பத்திரியில் நடந்தது. காலை மருந்து நேரம். இதயம் பலவீனமான ஓர் அம்மாவுக்கு டிஜொக்சின் கொடுக்க வேண்டும். கட்டிலருகே போய், "லெட்சுமி அம்மா தானே?" என்று கேட்டேன். "ஆமாங்க மிஸ்ஸி" என்றார். டிஜொக்சின் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும்; பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் நிறுத்தி வைத்து டொக்டரிடம் சொல்ல வேண்டும். எண்ணினேன். 54. அதைவிட இன்னொன்று என்னை உறுத்தியது. டிக்கெட்டில், அதாவது நோயாளியின் விவரமும் மருந்தும் எழுதும் தாளில், துடிப்பு ஒழுங்கில்லாதது என்று எழுதியிருந்தது. என் காதில் கேட்டதோ கடிகாரம் மாதிரி சீராக இருந்தது.

"அம்மா, உங்க முழுப் பேரு என்ன, எந்தத் தோட்டம்?"

அவர் சொன்ன தோட்டம் வேறு. நான் தேடிய லெட்சுமி அம்மா இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார். இவரோ பிரஷருக்கு அட்டினோலோல் எடுப்பவர். அதுவே துடிப்பைக் குறைக்கும். அதன் மேல் டிஜொக்சினும் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆனால் எங்கள் தோட்டத்துச் சனத்துக்கு வெள்ளை உடுப்பைக் கண்டால் எதற்கும் "ஆமாங்க" என்றுதான் வாய் வரும். துரையிடமும் கங்காணியிடமும் பல தலைமுறையாகச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. அதனால் பெயரை நாம் சொல்லக்கூடாது. அவர்கள் வாயால் வர வேண்டும்.

டிஜொக்சினையே பாருங்கள். நல்லது செய்யும் அளவும் கெடுதல் செய்யும் அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சிறுநீரகம் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும். வயதானவர்களுக்கு அது மெதுவாக நடப்பதால் உடம்பில் தேங்கிவிடும். கூடவே சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் ஃபுரோசமைட் போனால் பொட்டாசியம் இறங்கி, நஞ்சாகும் வாய்ப்பு இன்னும் கூடும். முதலில் தெரிவது பசியின்மையும் குமட்டலும். பாட்டிமார் அதைச் சொல்ல மாட்டார்கள், சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுவார்கள். தட்டைத் திறந்து பார்ப்பதும் மருந்தியல்தான் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

மருந்தைக் கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல், அதன் பொதுப்பெயரில் படியுங்கள். 1971இல் தொடங்கிய இலங்கை அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே இந்த நாட்டில் அதற்காகத்தான் போராடினார். கடையில் வாங்கிய பனடோலைப் போட்டுவிட்டு வருகிறவருக்கு, பனடோலும் டிக்கெட்டிலுள்ள பரசிட்டமோலும் ஒன்றென்று தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதுதான் எல்லை. மெலிந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் அதிலும் குறைவு.

அப்புறம் என் அக்காவின் கதை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். "குளிசை போடுறீங்களா?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்டார்கள். "ஆமாங்க மிஸ்." பொய்யில்லை, ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனாலும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. லீவில் போனபோது நான், "எதோட போடுற?" என்று கேட்டேன். "பெரட்டுக்குப் போற அவசரத்துல தேத்தண்ணியோடதான்" என்றாள். பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து வேலைக்கு ஆள் கூடும் இடம். கல்சியம் குளிசையையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறாள்.

தேயிலையின் டனின் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடும், கல்சியமும் தடுக்கும். அவள் கையால் பறித்த கொழுந்தே அவள் இரத்தத்துக்குக் குறுக்கே நின்றதை நினைத்து அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். இரும்புக் குளிசையை வைட்டமின் சியோடு, வெறும் தண்ணீரில், இரவு படுக்கப் போகும்போது என்று மாற்றினோம். கல்சியம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதே என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்தடுத்த கிளினிக்குகளில் இரத்தம் ஏறியது.

இன்று காலை அந்தப் பிள்ளை மூன்றாம் கட்டிலில் நின்று, "பாட்டி, உங்க பேர் சொல்லுங்க" என்றாள். பாட்டி தன் பெயர், தாத்தாவின் பெயர், தோட்டத்து டிவிஷன், குடியிருக்கும் லயம் எல்லாம் சொல்லி முடித்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அவளும் சொன்னாள். டிக்கெட்டை இன்னொரு தரம் பார்த்துக் குளிசையைக் கொடுத்தாள். பாட்டி விழுங்கும்வரை நின்றாள். அதன் பிறகுதான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.